நானும் வருகிறேன்

(கற்போர் வட்டத்தில் நிகழ்த்திய உரை)



அன்பு. இது மூன்றே எழுத்து. கருணை. இதுவும் மூன்றே எழுத்து. பலகையில் எழுதிப் பழகியிருப்பீர்கள். எழுதுவது எளிது. வாசிப்பதும் எளிது.

அன்பாக இருக்க வேண்டும் என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. கருணை வேண்டாம் என்று சொல்பவர் எந்த ஊரிலும் இல்லை. அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. எல்லோருக்கும் அன்பு இருக்கிறது. பிறகு ஏன் சிலர் தனியாக இருக்கிறார்கள்? ஏன் ஒருவருக்கு மட்டும் தனித் தட்டு, தனித் தம்ளர்? ஏன் ஒருவரை மட்டும் கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரச் சொல்வதில்லை? ஏன் ஒருவரின் படுக்கை மட்டும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போகிறது?

அந்த வீட்டார் கொடியவர்களா? இல்லை. அவர்கள் பயந்தவர்கள். நமக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம். ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம். பெண்ணுக்குச் சம்பந்தம் வராமல் போகுமோ என்ற பயம். மனதில் அன்பு இருக்கிறது. ஆனால் பயம் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது. அன்பு வெளியே வர முடியவில்லை.

அந்தப் பயத்தை எப்படி நீக்குவது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். ஒரு நோயை எடுத்துக்கொண்டு பார்ப்போம். அது தொழுநோய். நம் நாட்டில் இந்த நோயைப் போல மனிதரை மனிதரிடமிருந்து பிரித்த நோய் வேறு இல்லை.

பயந்து ஓடியவர்

மகாராஷ்டிர மாநிலத்தில் சந்திரபூர் மாவட்டம் உள்ளது. அங்கே வரோரா என்று ஓர் ஊர். அந்த ஊரில் முரளிதர் தேவிதாஸ் ஆம்தே என்ற வழக்கறிஞர் இருந்தார். அவர் 1914-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் நாள் பிறந்தவர். நிலபுலன் உள்ள பெரிய குடும்பம். பிற்காலத்தில் நாடு அவரை பாபா ஆம்தே என்று அழைத்தது.

அவர் தைரியசாலி. ரயிலில் ஒரு பெண்ணிடம் ஆங்கிலேயச் சிப்பாய்கள் தவறாக நடந்தார்கள். ஆம்தே தனி ஆளாக அவர்களை எதிர்த்தார். அடிபட்டார். ஆனாலும் விடவில்லை. இதைக் கேள்விப்பட்ட காந்தியடிகள் அவரை அச்சமில்லாதவர் என்று பாராட்டினார்.

வரோராவில் மலம் அள்ளும் தொழிலாளர்கள் பட்ட துன்பத்தை ஆம்தே பார்த்தார். அவர்கள் சுமந்த கூடையைத் தம் தலையில் தாமே சுமந்தார். சாதியில் உயர்ந்தவர் என்று ஊர் நினைத்த மனிதர் அந்த வேலையைச் செய்தார்.

அப்படி வேலை செய்துகொண்டிருந்த ஒரு மழை நாளில் வழியோரம் ஏதோ கிடந்தது. முதலில் கந்தல் மூட்டை என்று நினைத்தார். அருகில் போனார். அது மனிதர். பெயர் துளசிராம். தொழுநோய் முற்றி விரல்கள் போய்விட்டன. புண்ணில் புழு நெளிந்தது. உயிர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆம்தே என்ன செய்தார்? ஓடிவிட்டார். சிப்பாய்களுக்குப் பயப்படாதவர், ஒரு நோயாளியைக் கண்டு பயந்து வீட்டுக்கு ஓடினார்.

ஆனால் மனம் ஓயவில்லை. இதே நோய் தம் மனைவிக்கு வந்தால் ஓடுவோமா? தம் பிள்ளைக்கு வந்தால் ஓடுவோமா? இந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. திரும்பிப் போனார். மழைக்கு ஒரு கூரை போட்டார். உணவு ஊட்டினார். துளசிராம் நெடுநாள் பிழைக்கவில்லை. ஆனால் அநாதையாகச் சாகவில்லை. ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது இறந்தார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயமே வராதவர்தான் அன்பு செய்ய முடியும் என்பதில்லை. பயந்து ஓடியவரும் திரும்பி வரலாம். அந்தத் திரும்பி வருதல்தான் முக்கியம்.

அன்போடு படிப்பும்

ஆம்தே இரக்கப்பட்டதோடு நிற்கவில்லை. இது என்ன நோய்? எப்படி வருகிறது? எப்படித் தீர்ப்பது? இதைத் தெரிந்துகொள்ள விரும்பினார். 1949-ல் கல்கத்தா சென்றார். அங்கே வெப்ப மண்டல நோய்களுக்கான மருத்துவப் பள்ளி இருந்தது. அதில் சேர்ந்து தொழுநோய்ச் சிகிச்சை பற்றிப் படித்தார். அப்போது அவருக்கு 35 வயது ஆகப் போகிறது. மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த வயதில் மறுபடி மாணவராக உட்கார்ந்தார். வயது வந்த பிறகு பலகை பிடித்த உங்களுக்கு அதன் அருமை தெரியும்.

அவர் மனைவி பெயர் சாதனா. இளமையிலேயே அவர் மனம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு செய்தி சொல்வார்கள். அவர் வீட்டில் அக்காளுக்குக் கல்யாணம். வீடு முழுக்க உறவினர். மேளதாளம். ஒரு மூலையில் வயதான பணிப்பெண் தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். இந்தப் பெண் யாருக்கும் சொல்லாமல் அங்கே போனார். அந்த மூதாட்டியின் வேலையில் பாதியைத் தாம் செய்தார். ஆம்தே அதைப் பார்த்தார். மணந்தால் இந்தப் பெண்ணைத்தான் மணக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1946-ல் திருமணம் நடந்தது.

பதினான்கு ரூபாய், ஒரு பசு

1951-ல் வரோராவுக்கு வெளியே ஆம்தே குடும்பம் குடியேறியது. அரசு கொடுத்த நிலம் சுமார் 50 ஏக்கர். முழுக்கப் பாறை, முட்புதர், பாம்பு, தேள். கூட வந்தவர்கள் ஆறு தொழுநோயாளிகள். கையில் இருந்த பணம் 14 ரூபாய். ஒரு நொண்டிப் பசு. இவ்வளவுதான் முதல்.

அந்த இடத்துக்கு ஆனந்தவனம் என்று பெயர் வைத்தார்கள். வினோபா பாவே வந்து தொடங்கி வைத்தார்.

முதலில் கிணறு வெட்டினார்கள். விரல் மடங்கிய கைகள் மண்வெட்டி பிடித்தன. தண்ணீர் வந்தது. காய்கறி விளைந்தது. உண்டது போக மீதி இருந்தது. அதை வரோரா சந்தைக்குக் கொண்டுபோனார்கள். ஒருவரும் வாங்கவில்லை. தொழுநோயாளி தொட்ட காய் என்று ஊர் ஒதுக்கியது. நிலம் ஏற்றுக்கொண்டது. மாடு ஏற்றுக்கொண்டது. மனிதர் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஊர் எப்படி மாறியது? யாரும் ஊரைத் திட்டவில்லை. 1950-களில் பல நாடுகளிலிருந்து தொண்டர்கள் ஆனந்தவனத்துக்கு வந்தார்கள். நோயாளிகளோடு சேர்ந்து கட்டட வேலை செய்தார்கள். அங்கேயே தங்கினார்கள். அங்கே விளைந்ததையே சமைத்துச் சாப்பிட்டார்கள். ஊர் பார்த்துக்கொண்டே இருந்தது. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரின் பயம் கரைந்தது. காய்கறி விற்கத் தொடங்கியது.

காலம் ஓடியது. 1960-களில் ஆனந்தவனத்தில் கல்லூரி எழுந்தது. எந்த ஊர் காயை வாங்க மறுத்ததோ, அந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்க அங்கே வந்தார்கள். தறி, தச்சு, விவசாயம் என்று பல தொழில்கள் நடந்தன. கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் ஊனமுற்றவர் எல்லோரும் அங்கே வேலை செய்து வாழ்ந்தார்கள்.

பாபா ஆம்தேக்கு 1985-ல் மகசேசே விருது கிடைத்தது. 2008-ம் ஆண்டு பிப்ரவரி 9-ம் நாள் அவர் ஆனந்தவனத்திலேயே இறந்தார். சாதனா அம்மையார் 2011-ல் இறந்தார்.

ஆம்தே பிச்சை போடுவதை விரும்பவில்லை. பிச்சை மனிதனைக் கீழே தள்ளும், வேலை அவனை நிமிர்த்தும் என்பது அவர் கொள்கை. கோயில் வாசலில் காசு போடுகிறோம். தட்டில் காசு விழும் சத்தம் கேட்கிறது. ஆனால் அந்தத் தட்டைப் பிடித்திருப்பவர் முகத்தைப் பார்த்தோமா? காசு கொடுத்தால் அன்று ஒரு வேளைச் சோறு கிடைக்கும். வேலையும் மரியாதையும் கொடுத்தால் அவர் வாசலை விட்டு எழுந்து வருவார்.

மருந்து இல்லாத காலத்திலும்

ஆனந்தவனத்துக்கு முன்பே இன்னொருவர் வழி காட்டியிருக்கிறார். வரோராவுக்குப் பக்கத்து மாவட்டம் வார்தா. அங்கே சேவாகிராமத்தில் காந்தியடிகள் வாழ்ந்தார். 1930-களின் கடைசியில் பர்ச்சுரே சாஸ்திரி என்பவர் அங்கே வந்தார். சமஸ்கிருதத்தில் பெரிய பண்டிதர். சுதந்திரத்துக்காகச் சிறை சென்றவர். தொழுநோய் வந்ததால் போக இடமில்லாமல் நின்றார்.

காந்தியடிகள் தம் குடிசைக்கு அருகிலேயே அவருக்கு ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார். தம் கையாலேயே அவர் உடம்பைத் தேய்த்துவிட்டார். நாட்டின் பெரிய தலைவர்களெல்லாம் காந்தியடிகளைப் பார்க்க வருவார்கள். எத்தனை வேலை இருந்தாலும் சாஸ்திரிக்கு உரிய நேரத்தை அவர் விடவில்லை.

அன்று இந்த நோயை முழுக்கக் குணமாக்கும் மருந்து கிடையாது. ஆனாலும் அவர் தொட்டார். இன்று மருந்து இருக்கிறது. நமக்குத்தான் தொடத் தயக்கம் இருக்கிறது.

உண்மை என்ன?

பயத்தை விரட்டுவது உண்மை. ஆகவே உண்மையைத் தெரிந்துகொள்வோம்.

தொழுநோய் பாவத்தால் வருவதில்லை. சாபத்தால் வருவதில்லை. தாய் தகப்பன் செய்த வினையால் வருவதில்லை. ஒரு கிருமியால் வருகிறது. 1873-ல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்.

கை குலுக்கினால் ஒட்டாது. பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது. சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. சிகிச்சை பெறாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கி வாழ்ந்தால்தான், மூக்கு, வாய் வழியாக வரும் நீர்த்துளிகளால் பரவ வாய்ப்பு உண்டு. அப்போதும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. நம் உடம்பே அந்தக் கிருமியை எதிர்த்து வென்றுவிடுகிறது.

உடம்பில் வெளிறிய படை அல்லது சிவந்த படை தோன்றும். அந்த இடத்தில் தொட்டால் தெரியாது. சுட்டாலும் தெரியாது. அரிப்பு இருக்காது. வலி இருக்காது. வலி இல்லாததால்தான் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். கை கால் மரத்துப்போவதும் ஓர் அறிகுறி.

கூட்டு மருந்துச் சிகிச்சை 1980-களில் வந்தது. நோயின் அளவைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். நோய் குணமாகும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். சிகிச்சை தொடங்கிவிட்டால் அவரிடமிருந்து நோய் மற்றவருக்குப் பரவாது.

2005-ம் ஆண்டு டிசம்பர் மாதம் நம் நாடு ஒரு பெரிய படியைத் தாண்டியது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவுக்கு நோய் இறங்கியது. ஆனால் நோய் அடியோடு போகவில்லை. 2022-23-ல் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் புதிய நோயாளிகள் நம் நாட்டில் கண்டறியப்பட்டார்கள். உலகில் புதிதாக நோய் காண்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள்.

ஒரு வீடு, இரண்டு வழி

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பெயர் வேண்டாம். எந்த வீடாகவும் இருக்கலாம்.

அந்த வீட்டு மூத்த மருமகள் பீடி சுற்றுகிறார். ஒரு நாள் சோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்குகிறார். சுட்டதாகத் தெரியவில்லை. மாலையில் விரலில் கொப்புளம். இளைய மருமகள் பார்க்கிறார்.

“அக்கா, கையில என்ன கொப்புளம்?”

“தெரியலம்மா. சுட்டதே தெரியல. முழங்கையில ஒரு படை இருக்கு. அது வந்து ரொம்ப நாளாச்சு. யார்கிட்டயும் சொல்லிடாத. பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிறா.”

இங்கே இரண்டு வழி பிரிகிறது.

முதல் வழி. இளையவர் பேசாமல் இருந்துவிடுகிறார். மறுநாள் முதல் அக்காவின் தம்ளரைத் தனியாக வைக்கிறார். அக்காவுக்குப் புரிந்துவிடுகிறது. இன்னும் மறைக்கிறார். முழுக்கைச் சட்டை போடுகிறார். மாதங்கள் போகின்றன. நரம்பு பாதிக்கிறது. விரல் மடங்குகிறது. பீடி சுற்ற முடியவில்லை. மறைக்க நினைத்த நோயை இப்போது ஊரே பார்க்கிறது. மருந்து இனியும் நோயைத் தீர்க்கும். ஆனால் மடங்கிய விரலை மாத்திரை நிமிர்த்தாது.

இரண்டாவது வழி. இளையவர் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

“இதுக்கு மருந்து இருக்கு அக்கா. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம். நானும் வரேன்.”

மாத்திரை தொடங்குகிறது. சில மாதங்களில் குணமாகிறது. விரல் விரலாகவே இருக்கிறது. பிழைப்பும் போகவில்லை. கல்யாணமும் நிற்கவில்லை.

இரண்டு வீட்டுக்கும் வேறுபாடு எது? மருந்து இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். ஆஸ்பத்திரியும் ஒன்றுதான். “நானும் வரேன்” என்று ஒருவர் சொன்னாரா, இல்லையா என்பதுதான் வேறுபாடு. அந்த இரண்டு சொல் ஒரு கையைக் காப்பாற்றியது.

நம் கையில் இருப்பது

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தியிருக்கிறது. தொழுநோயாளிகளைப் பிடித்து அடைத்து வைக்க 1898-ல் ஆங்கிலேயர் ஒரு சட்டம் போட்டார்கள். 2016-ல் அது நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கவும் முன்பு சட்டத்தில் இடம் இருந்தது. 2019-ல் அந்தப் பிரிவு எடுக்கப்பட்டது. தாளில் இருந்ததைப் பாராளுமன்றம் அழித்துவிட்டது. மனதில் இருப்பதை நாம்தான் அழிக்க வேண்டும்.

அதற்குப் பெரிய செயல் எதுவும் தேவையில்லை. அன்றாட வீட்டில் செய்யக் கூடியதே போதும்.

நோய் வந்தவருக்குக் கால் மரத்திருக்கும். முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. ஆகவே வேறொருவர் கண் வேண்டும். மாலையில் அவர் காலைத் தண்ணீரில் ஊற வைக்கலாம். துடைத்து எண்ணெய் தடவலாம். அடிப்பாதத்தில் காயம் உண்டா என்று பார்க்கலாம். சூடான பாத்திரத்தைப் பிடிக்கத் துணி கொடுக்கலாம். செருப்பு போட்டு நடக்க நினைவூட்டலாம். ஒரு பேரப்பிள்ளை செய்யக் கூடிய வேலைதான் இது. ஆனால் ஒரு காலையே காப்பாற்றும் வேலை.

குணமானவரைப் பந்தியில் நடுவில் உட்கார வையுங்கள். ஓரத்தில் அல்ல. அவர் கடையில் சாமான் வாங்குங்கள். அவரை நோயின் பெயரால் கூப்பிடாதீர்கள். அண்ணன் என்றால் அண்ணன். பெரியம்மா என்றால் பெரியம்மா. முறை சொல்லிக் கூப்பிடுங்கள்.

இது தொழுநோய்க்கு மட்டும் அல்ல. காசநோய் வந்தவர் இருக்கிறார். மனம் கலங்கியவர் இருக்கிறார். கணவரை இழந்ததால் நல்ல காரியத்தில் ஒதுக்கப்பட்ட பெண் இருக்கிறார். ஒவ்வொருவரையும் சுற்றி ஒரு பயமோ, பழைய வழக்கமோ வேலி போட்டிருக்கிறது. அந்த வேலி எதனால் வந்தது என்று கேளுங்கள். உண்மை தெரிந்தால் வேலி விழும்.

உங்களுக்கு இப்போது படிக்கத் தெரியும். சுகாதார நிலையச் சுவரில் எழுதியிருப்பதை அக்கம்பக்கத்தாருக்கு வாசித்துச் சொல்லலாம். ஜனவரி 30 காந்தியடிகள் மறைந்த நாள். அதுவே நம் நாட்டில் தொழுநோய் எதிர்ப்பு நாள். அன்று பல ஊர்களில் கிராம சபை கூடி உறுதிமொழி எடுக்கிறார்கள். வரும் ஜனவரி 30 அன்று உங்கள் ஊரில் அந்த உறுதிமொழியைப் படிக்கப்போவது யார்? உங்களில் ஒருவர் ஏன் படிக்கக் கூடாது?

இன்று வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவை ஒரு முறை மனதில் நடந்து பாருங்கள். யார் தனியாக இருக்கிறார்? யார் கையை மறைத்துக்கொண்டு நடக்கிறார்? யார் வீட்டுக்கு யாரும் போவதில்லை? நாளை அந்த வீட்டுக்குப் போங்கள். திண்ணையில் உட்காருங்கள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவராக இருந்தால், “நானும் வருகிறேன்” என்று சொல்லுங்கள்.